ஏழு நாற்பது வரவில்லை

எங்கள் வலைத்தளத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதும், இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதை நான் நிறுத்தி வெகுநாளாகிறது. அப்படிக் கேட்கிறவர் கையில் பெரும்பாலும் ஒரு பைக் சாவி ஆடிக்கொண்டிருக்கும். பைக் சாவி வைத்திருப்பவருக்குப் பஸ் வராத கஷ்டம் என்ன தெரியும்?

விஷயம் ரொம்ப எளிது. காரைக்குடியிலிருந்து சுற்றுவட்டாரத்து ஊர்களுக்குப் போகிற டவுன் பஸ்களும் மினிபஸ்களும் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று அந்தத் தளத்தில் எழுதி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில், இன்றைக்கு அந்த வண்டி வந்ததா வரவில்லையா என்று ஒரு கட்டம். பஸ்ஸுக்கு நிற்கிறவர்களே செல்போனில் அந்தக் கட்டத்தைத் தொட்டு எழுதுவார்கள். பிள்ளையார்பட்டியில் தேங்காய் பழக்கடை வைத்திருப்பவர், ஒக்கூர்ப் பக்கம் சத்துணவுக்கூடத்தில் வேலை பார்க்கிறவர், மில்லுக்குப் போகிற பெண்கள் என்று முப்பது நாற்பது பேர். சங்கம் கிடையாது, தலைவர் கிடையாது, லெட்டர்பேடு கிடையாது. தளம் ஓடுகிற கம்ப்யூட்டர் மட்டும் என் கடையில் இருந்தது.

என் கடை புதுப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், மாடியில். ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம். அதற்கு முன்னால் சென்னையில் ஒரு கம்பெனியின் சர்வர் அறையில் ஏழு வருடம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். இதை ஊரில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆதார் அட்டைக்குப் பிளாஸ்டிக் உறை போடுகிற பொம்பளைக்கு சர்வரைப் பற்றி என்ன தெரியும் என்ற முகத்தோடுதான் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

பேசாமல் வாட்ஸப் குழு ஆரம்பித்துவிட்டுப் போகலாமே என்று இலவச ஆலோசனை சொல்பவர்களும் உண்டு. ஐயா, நாங்கள் அதில்தான் ஆரம்பித்தோம். ஆறே மாதத்தில் அது காலை வணக்கக் குழுவாகிவிட்டது. ரோஜாப்பூ படங்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் நடுவில், ஆறேகால் வண்டி இன்றைக்கு இல்லை என்ற செய்தி எங்கே கிடக்கிறது என்று தேடுவதற்குள் ஆறே முக்கால் வண்டியும் போய்விடும். அப்புறம் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் இலவச சேவையில் தளத்தை வைத்தோம். ஒரு நாள் காலையில் ஆங்கிலத்தில் ஒரு மெயில் வந்தது. இலவசம் முடிந்தது, நன்றி, வணக்கம். அதுவரை நாங்கள் எழுதி வைத்த அத்தனையும் போயே போய்விட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. இனிமேல் நம்ம சாமான் நம்ம கையில்தான் இருக்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். ஒரு கல்லூரியில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்து ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் வைத்தேன். அதுதான் எங்கள் சர்வர்.

எங்களில் ஒருத்தி மருந்துக்கடையில் பில் போடுகிறவள். புருஷன் சவூதியில். பிள்ளையார்பட்டி ரோட்டிலிருந்து உள்ளே பிரிந்து போகிற ஒரு ஊரில் மாமியாரோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருக்கிறாள். அந்த ஊருக்குப் பெரிய பஸ் போகாது. மினிபஸ் ஒன்றுதான். அதன் கடைசி நடை ராத்திரி ஏழு நாற்பதுக்கு. கடையில் ஏழேகாலுக்கு அவளை விட்டுவிடுவார்கள். அந்த ஏழு நாற்பது இருந்ததால்தான் அவளை வேலைக்கே அனுப்பினார்கள். வீட்டுக்குப் பணம் வந்துகொண்டிருக்கும்போது இந்த வேலை எதற்கு என்று ஒருநாள் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "கடைக்கு வந்தாத்தான்க்கா நான் யாருன்னு எனக்கே ஞாபகம் வருது" என்றாள். அதற்குப் பிறகு நான் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

அந்த ஏழு நாற்பது மெல்ல மெல்ல மறைய ஆரம்பித்தது. மினிபஸ் முதலாளிக்கு மூன்று வண்டிகள். கடைசி நடையில் ஆறேழு பேர்தான் ஏறுகிறார்கள் என்று, வாரத்தில் நாலு நாள் வண்டியை ஏழு மணிக்கே ஷெட்டில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். அனுமதிச் சீட்டில் அந்த நடை இருக்கிறது, வண்டியின் பக்கவாட்டில் எழுதியும் இருக்கிறது, வண்டிதான் இல்லை. அந்த நாட்களில் இவள் ஷேர் ஆட்டோவில் ஊர் பிரிகிற விலக்கு வரைக்கும் போய், அங்கிருந்து விளக்கில்லாத ரோட்டில் செல்போன் வெளிச்சத்தில் நடக்க வேண்டும். மாமியார் கெட்டவர் இல்லை. பயந்தவர். பஸ் இருந்தால் போ, இல்லையென்றால் வேலையை விட்டுவிடு என்று சொல்லிவிட்டார்.

மாசி மாதத்தில் நானும் அவளுமாக மினிபஸ்களுக்கு அனுமதி கொடுக்கிற அலுவலகத்துக்குப் போனோம். எந்த அலுவலகம், எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம். தளத்திலிருந்து நாற்பது நாள் பதிவைக் காகிதத்தில் எடுத்துக்கொண்டு போயிருந்தோம். அதிகாரியின் எதிர் நாற்காலியில் அந்த முதலாளியே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். எங்களை உட்காரச் சொல்லவில்லை. அதிகாரி காகிதங்களைப் புரட்டினார். வரவில்லை, வரவில்லை, வந்தது, வரவில்லை என்று போகிற வரிசையில் நடுநடுவே வெற்றுக் கட்டங்கள். அவை எங்கள் சர்வர் படுத்துக்கிடந்த நாட்கள். அதை அவர் கண்டுபிடித்துவிட்டார்.

"ஏம்மா, பஸ் தினமும் வரலைன்னு புகார் கொடுக்க வந்திருக்கீங்க. உங்க வெப்சைட்டே தினமும் வரலையே?"

அறையிலிருந்த எல்லாரும் சிரித்தார்கள். முதலாளி காபியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். ஆறு மாதத்துக்கு விடாமல் தொடர்ச்சியாக ஆதாரம் கொண்டுவாருங்கள், பார்க்கலாம் என்று அதிகாரி காகிதத்தைத் திருப்பித் தள்ளினார். கொண்டுவர மாட்டோம் என்ற தைரியம்தான். எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். அன்றைக்கு இரண்டு காதும் எரிந்தன.

திரும்பி வருகிற பஸ்ஸில் நான் அந்த ஆளைத் திட்டிக்கொண்டே வந்தேன். இவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி வழியில், "அவரு சொன்னது நெசந்தானேக்கா" என்றாள். சிரிப்பைத் தாங்கிக்கொண்ட எனக்கு இதைத் தாங்க முடியவில்லை. ஏனென்றால் நிஜம்தான்.

மாதம் ஒருநாள் மின்வாரியம் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தும்போது சர்வர் நின்றது. சாக்கடைக்குக் குழி தோண்டியவர்கள் இணையக் கேபிளை வெட்டியபோது நின்றது. போன வருஷச் சித்திரை வெயிலில் மாடியறை கொதித்தபோது தானாகவே அணைந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டும்போது பழக்க தோஷத்தில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனது சாட்சாத் நான். ஏழு வருடம் சர்வர் அறையில் இருந்தவள். வேறு யாராவது செய்திருந்தால் நார் நாராகக் கிழித்திருப்பேன்.

பங்குனி பிறப்பதற்குள் எல்லாவற்றையும் மாற்றினேன். முதல் வேலையாக, இன்னொரு பழைய கம்ப்யூட்டரைத் தயார் செய்து கீழச்சிவல்பட்டியில் வைத்தேன். அங்கே மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் எங்களோடு இருக்கிறார். அந்தப் பக்கத்துப் பஸ்களை எழுதுகிறவர். ஒரு இயந்திரம் விழுந்தால் மற்றது அந்த நொடியே வேலையை எடுத்துக்கொள்ளும்படி அமைத்தேன். கரண்ட் போனால் இரண்டும் ஒன்றாகப் போய்விடாதா என்று நான் கவலைப்பட்டபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்களுக்கு வருகிற லைன் வேறு, அவர்களுக்கு வருகிற லைன் வேறு, இரண்டும் ஒரே நாளில் அவியாது என்று கம்பம் கம்பமாகச் சொல்லி விளக்கினார். நாற்பது வருடம் அந்தக் கம்பங்களில் ஏறி இறங்கியவரிடம் நான் எதிர்ப்பேச்சுப் பேசவில்லை.

இரண்டாவதாக ஒரு காவல் போன். என் பழைய செல்போன்தான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தளத்தை அது எட்டிப் பார்க்கும். பதில் வராவிட்டால் சைரன் மாதிரி அலறும். மூன்றாவதாக ஒரு சட்டம். பஸ் நேரம் கடந்து ஒரு மணி நேரத்துக்குள் எழுதினால்தான் கட்டம் ஏற்றுக்கொள்ளும். அதற்குப் பிறகு தானாக மூடிக்கொள்ளும். நேற்று நடந்ததை இன்று எழுதுகிற பேச்சே கிடையாது. நானே நினைத்தாலும் எழுதக்கூடாது என்று எல்லாரிடமும் சொன்னேன்.

நாலாவதாகச் செய்ததுதான் சண்டையைக் கிளப்பியது. நாங்கள் ஓடாத நேரம் என்று ஒரு பக்கம் வைத்தேன். எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை எங்கள் தளம் படுத்திருந்தது, யார் தப்பு, எல்லாம் அதில் இருக்கும். நம்ம அசிங்கத்தை நாமே ஊருக்குக் காட்டணுமா என்று தேங்காய்க்கடைக்காரர் கோபித்துக்கொண்டார். ஆமாம், காட்டத்தான் வேண்டும் என்றேன். அந்த அதிகாரி கண்டுபிடித்துச் சிரிப்பதற்கு முன்னால் நானே எழுதிவிடுவேன், அப்புறம் எதை வைத்துச் சிரிப்பார், பார்த்துவிடலாம். நான் கத்தினால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். அன்றைக்கு நன்றாகவே கத்தினேன்.

அதற்கப்புறம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். வைகாசியில் எங்கள் தெரு டிரான்ஸ்பார்மர் வெடித்து ஒன்றரை நாள் கரண்ட் இல்லை. கீழச்சிவல்பட்டி தாங்கியது. ஆனியில் அங்கே ஒரு லாரி கேபிளை இழுத்துக்கொண்டு போனது. காரைக்குடி தாங்கியது. பிள்ளையார் சதுர்த்திக்குப் பிள்ளையார்பட்டியில் கூடிய கூட்டம் மொத்தமும் எங்கள் தளத்தில்தான் பஸ் தேடியதோ என்னவோ, இரண்டு இயந்திரங்களும் மூச்சு வாங்கின. படம், அலங்காரம் எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டுவிட்டு வெறும் எழுத்து மட்டும் வருகிற மாதிரி செய்தேன். பார்க்க மொட்டையாக இருந்தது, ஆனால் நிற்காமல் ஓடியது. இன்றுவரை அது மொட்டையாகத்தான் இருக்கிறது.

நடுவில் ஒருநாள் அந்த முதலாளி என் கடைக்கு ஏறி வந்தார். மிரட்டவில்லை, நயமாகத்தான் பேசினார். நாலு பேருக்கு நல்லது செய்கிற பெண், எதற்கு இந்தப் பொல்லாப்பு, அந்த ஒரு வண்டியை மட்டும் பட்டியலில் இருந்து எடுத்துவிடலாமே என்றார். வண்டி வந்தால் வந்தது என்று எழுதுவோம், உங்களைப் பற்றி நல்லதாக எழுத வைப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது என்றேன். போகும்போது படியில் நின்று, பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார். பார்ப்போமே.

இப்படியாக ஆறு மாதத்தையும் தாண்டிவிட்டோம். ஒரு வெற்றுக் கட்டம் இல்லை. தினமும் ராத்திரி ஏழு நாற்பதுக்கு இவள் பேருந்து நிலையத்தில் நின்று எழுதுவாள். பெரும்பாலும் வரவில்லை. மாமியாரிடம் கார்த்திகைக் கடைசிவரை தவணை கேட்டு வைத்திருந்தாள். அதற்குள் பஸ் வந்தாக வேண்டும், வராவிட்டால் வேலை போயிற்று. ஆயுத பூஜை முடிந்ததும் காகிதங்களை எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்று நான் சொன்னேன். என் நாக்கில் சனி.

ஆயுத பூஜையன்று கடையைக் கழுவி, ஜெராக்ஸ் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். லேமினேஷன் மெஷின், கத்தரிக்கோல், ஸ்டேப்ளர் எல்லாவற்றுக்கும் வைத்தேன். பூஜைக்கு வைத்த கருவியை மறுநாள் விஜயதசமி வரைக்கும் தொடக்கூடாது, ஓட்டக்கூடாது. சிறுவயதிலிருந்து அப்படித்தான். சர்வருக்கும் பொட்டு வைத்தபோது, ஓடிக்கொண்டிருப்பதற்கு எப்படிப் பூஜை போடுவது என்று தோன்றியது. கீழச்சிவல்பட்டி இயந்திரம் இருக்கிறதே, ஒருநாள் தாங்காதா என்று நினைத்து, முறையாக அணைத்தேன். காவல் போனும் கருவிதானே, வருஷம் பூராவும் அலுக்காமல் உழைக்கிறதே என்று அதையும் அணைத்து, பொட்டு வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் பொரிகடலையோடு வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

அங்கே கீழச்சிவல்பட்டியில் என்ன நடந்தது என்று நான் சொல்லவும் வேண்டுமா? வேலை பார்த்த காலம் பூராவும் ஆயுத பூஜையைத் தன் கல்யாணம் மாதிரி கொண்டாடியவர் அந்த அண்ணன். கட்டிங் பிளேயர், டெஸ்டர், கையுறை, கம்பம் ஏறுகிற பெல்ட் எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, நடுநாயகமாக எங்கள் இயந்திரத்தை வைத்து மாலை போட்டிருக்கிறார். காரைக்குடியில் ஒன்று ஓடுகிறதே என்று இவரும் அணைத்துவிட்டார். மறுநாள் போனில் நான் கத்திய கத்தலை எல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னது இதுதான். "வருசம் பூராவும் ஓடுதே தங்கச்சி, ஒருநாளாவது ஓஞ்சு இருக்கட்டுமேன்னு நெனச்சேன். நீங்களும் அதத்தான நெனச்சீக?"

மருந்துக்கடைக்கு ஆயுத பூஜை விடுமுறை ஏது? இவள் வழக்கம்போல ஏழு நாற்பதுக்குப் போய் நின்றிருக்கிறாள். பஸ் வரவில்லை. எழுதலாம் என்று பார்த்தால் தளம் திறக்கவில்லை. என்னைக் கூப்பிட்டிருக்கிறாள், நாலு தடவை. நான் கோயில் கூட்டத்தில் இருந்தேன், போன் கைப்பைக்குள் கிடந்தது. நான் எடுத்துப் பார்த்தபோது ஒன்பது மணி. அலறியடித்துக் கடைக்கு ஓடிச் சர்வரைப் போட்டேன். ஏழு நாற்பதுக்கான கட்டம் மூடிக்கொண்டிருந்தது. ஏழு நாற்பதின் வரிசையில் அத்தனை மாதத்துக்கு நடுவில் ஒரே ஒரு வெற்றுக் கட்டம். அதன் பக்கத்திலேயே நானே செய்து வைத்த பக்கம் தன் வேலையைச் செய்திருந்தது. நாங்கள் ஓடாத நேரம், இன்று மதியம் முதல் இரவு வரை. யார் தப்பு என்ற இடத்தில் நான் இரண்டு பேரையும் எழுதினேன், என்னை முதலில்.

மறுநாள் காலையில் இவள் கடைக்கு வந்தாள். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில், ஏழு நாற்பது வரவில்லை, எட்டேகால் வரை நின்றேன் என்று பேனாவால் எழுதி வைத்திருந்தாள். அதைப் பார்த்து நான் கட்டத்தை நிரப்பிவிட வேண்டும் என்றாள். பொய் இல்லையே, நடந்ததுதானே, நான் பார்த்ததுதானே என்றாள். நிரப்புவது எனக்குப் பெரிய காரியம் இல்லை. சர்வரின் சாவி என் கையில். ஒரு நிமிட வேலை. யாருக்கும் தெரியப் போவதில்லை.

முடியாது என்றேன். ஒரு கட்டத்தை நான் பின்னால் நிரப்பினால் மற்ற கட்டங்களையும் நான்தான் நிரப்பினேன் என்று எவன் வேண்டுமானாலும் சொல்லலாம், அப்போது எனக்குப் பதில் இருக்காது என்றேன். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "தப்பு பண்ணது நீங்க ரெண்டு பேரு. வேலை போகப்போறது எனக்கு. ஒங்க சட்டத்த ஒங்க மேல வச்சிக்கிங்கக்கா, எந்தலையில ஏன் வைக்கிறீக?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனாள். அவள் கேட்டதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. அன்றைக்கு இரண்டு தடவை அந்தக் கட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு தடவையும் மூடினேன்.

அவளைச் சம்மதிக்க வைத்து அலுவலகத்துக்குப் போகக் கார்த்திகை இரண்டாவது வாரம் ஆகிவிட்டது. என்னோடு அவள் சரியாகப் பேசவில்லை, ஆனால் வந்தாள். பங்குனியிலிருந்து எல்லாக் காகிதங்களையும் கட்டாகக் கட்டி, மேலே எங்கள் ஓடாத நேரப் பக்கத்தை வைத்துக் கொடுத்தேன். இந்த முறை அதிகாரி சிரிக்கவில்லை. ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். புரட்டப் புரட்ட முகம் மாறியது. முதலாளியை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். அவர் தன் டிரிப் ஷீட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். தினமும் எந்தெந்த நடை ஓடியது என்று டிரைவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டிய தாள்கள் அவை.

இரண்டு கட்டுகளும் மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. எங்கள் தாள்களில் பாதிக்கு மேல் வரவில்லை என்றே இருந்தது. அவர் தாள்களில் ஒருநாள் விடாமல் ஏழு நாற்பது ஓடியிருந்தது, எல்லாம் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில். யாரை நம்புவது என்று அதிகாரிக்கே குழப்பம். அப்போதுதான் முதலாளி எங்கள் மேல்தாளைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"பாருங்க சார், இவங்க எழுதுனதுலயே ஓட்டை. ஆயுத பூஜை அன்னைக்கு இவங்க மெஷினே ஓடலையாம், இவங்களே எழுதியிருக்காங்க. எங்க ஷீட்டுல ஒருநாள் விட்டுப்போச்சான்னு பாருங்க. இவங்க தூங்குன அன்னைக்கும் என் வண்டி ஏழு நாப்பதுக்குக் கிளம்பிருக்கு."

அந்த நாளின் தாளை உருவி எங்கள் வெற்றுக் கட்டத்தின் மேல் வைத்தார். அதிகாரி என்னைப் பார்த்தார். ஆமாம் சார், அன்றைக்கு எங்கள் இயந்திரம் ஓடவில்லை, எங்கள் தப்பு, அன்றைக்குப் பஸ் வந்ததா வரவில்லையா என்று இந்தக் காகிதம் சொல்லாது என்றேன். பக்கத்தில் இவள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அவள் வேலை அந்தக் கட்டத்தோடு போய்விட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

ஓரத்து மேஜையில் ஒரு கிளார்க் அம்மா எதையோ எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கும் எங்களுக்கும் எந்த உறவும் இல்லை. எழுதுவதை நிறுத்தாமல், தலையை நிமிர்த்தாமல், அந்த அம்மா முதலாளியிடம் கேட்டார்.

"அன்னைக்குச் சாயங்காலம் ஒங்க ஷெட்டுல பூசைன்னுல்ல எங்க எல்லாரையும் கூப்பிட்டீக? மூணு வண்டிக்கும் வாழக்கன்னு கட்டி மாலை போட்டு நிறுத்தியிருந்தீகளே. எட்டு மணி வரைக்கும் நாங்க அங்குட்டுத்தான சுண்டல் தின்னுக்கிட்டு இருந்தோம். எந்த வண்டி போச்சு?"

அதிகாரியும் அந்தச் சுண்டலைத் தின்றிருப்பார் போலிருக்கிறது, அவர் பார்வை மேஜையை விட்டு எழவில்லை. முதலாளி அந்தத் தாளை எங்கள் கட்டத்தின் மேலிருந்து எடுத்துக்கொண்டார். டிரைவர் தெரியாமல் எழுதியிருப்பான் என்றார். அதிகாரி டிரிப் ஷீட்டுக் கட்டைத் தன் பக்கம் இழுத்து, முதல் தாளிலிருந்து மறுபடி பார்க்க ஆரம்பித்தார். பார்த்துக்கொண்டே, அன்றைக்கு ஓடாததை ஓடியது என்று எழுதியவர்கள் மற்ற நாட்களில் என்ன எழுதியிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். எங்களை உட்காரச் சொன்னார்.

ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. அடுத்த திங்கள் முதல் ஏழு நாற்பது தினமும் ஓட வேண்டும், ஓடாவிட்டால் அனுமதியைப் பற்றி யோசிக்க வேண்டிவரும் என்று முதலாளியிடம் எழுத்தில் கொடுத்தார். எங்களிடமும் ஒரு நகல் கொடுத்தார். அந்தக் கட்டத்தை நிரப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? முதலாளி அந்த நாளைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார். ஆனால் அதை நினைத்து நான் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவைக்கவில்லை. அவ்வளவு கெட்டிக்காரி இல்லை நான். முடியாது என்று தோன்றியது, முடியாது என்றேன்.

வெளியே வராந்தாவில் முதலாளி எங்களை நிறுத்தினார். கோபமாக இல்லை, களைத்துப்போயிருந்தார். வண்டியைத்தான் விடச் சொல்லியாயிற்றே, விட்டுவிடுகிறேன், இனிமேல் அந்த வெப்சைட்டு எதற்கு, எடுத்துவிடுங்கள் என்றார். நான் நல்ல வார்த்தையாக நாலு வைத்திருந்தேன், வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் இவள் எனக்கு முன்னால் போய் நின்றாள். எட்டு மாதமாகப் பேருந்து நிலையத்தில் நின்று நின்று கருத்துப்போன முகம். அன்றைக்குக் காலையிலிருந்து என்னிடம் பத்து வார்த்தை பேசாதவள்.

"எடுக்க மாட்டோம். நீங்க வந்தா வந்தீகன்னு எழுதுவோம், வராட்டி வரலைன்னு எழுதுவோம். நாங்க படுத்துட்டா படுத்துட்டோம்னும் எழுதுவோம். ஒங்களால அது முடியுமா?"

அவள் பதிலுக்கு நிற்கவில்லை. மதியத்துக்கு முன்னால் கடைக்குப் போய்விட்டால் அரை நாள் சம்பளம் பிடிக்க மாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே, பையைத் தோளில் மாட்டிப் படியிறங்கிவிட்டாள். நான் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு, போகிற வருகிறவர்கள் பார்க்க, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.